மூலிகை ஜெல் கட்டு காயத்தை ஆற்றுமா? குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மூலிகைச் சாறு ஏற்றிய ஹைட்ரோஜெல் கட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் மென்மையான ஒரு படலத்தில் மூலிகையின் சத்தைச் சேர்த்து, அதைத் தோல் காயத்தின்மேல் வைத்துக் கட்டும் முறை அது. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. ரப்பர் தோட்டம், முந்திரி ஆலை, கடல் என்று ஒவ்வொரு தொழிலும் அதற்கே உரிய காயத்தைத் தருகிற மாவட்டம் என்பதால், ஒரே கட்டு எல்லாக் காயத்துக்கும் பொருந்துமா என்ற ஐயம் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருந்தது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ரப்பர் பால் வெட்டுவது என் தொழில். இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டும்போது கத்தி கையில் பட்டுவிடுவது உண்டு. தோட்டத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று நாங்கள் சொல்லும் செடியின் இலையைக் கசக்கிச் சாறு விட்டால் இரத்தம் நின்றுவிடுகிறது. இலையே இப்படி வேலை செய்யும்போது, மூலிகையை ஜெல்லில் ஏற்றி விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவை என்ன?
(வாசகர், குலசேகரம்)

நீங்கள் கண்டது உண்மைதான்; ஆய்வகச் சோதனைகளும் அதை ஒட்டியே பேசுகின்றன. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்து நம் மலையடிவாரமெங்கும் களையாகப் பரவிவிட்ட அந்தச் செடியின் தாவரவியல் பெயர் குரோமோலேனா ஓடரேட்டா. அதன் இலைச்சாறு இரத்தம் உறைவதை விரைவுபடுத்துவதும், புதுத் திசுவை உண்டாக்கும் செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பதும் சோதனைகளில் பதிவாகியிருக்கின்றன. வியட்நாமில் இதே இலையின் நீர்ச்சாற்றிலிருந்து யூபோலின் என்ற களிம்பைத் தயாரித்து, தீப்புண்ணுக்கும் மென்திசுக் காயங்களுக்கும் மருத்துவர்கள் பயன்படுத்த உரிமம் அளித்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்கள் கண்டறிந்து வைத்திருக்கும் பயன் ஒன்று, மருந்தாகும் தகுதி உடையது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் இரத்தத்தை நிறுத்துவது காயம் ஆறுவதன் முதல் கட்டம் மட்டுமே. அதன் பிறகு அழற்சி, புதுத் திசு வளர்தல், தழும்பு முதிர்தல் என்று நாள்கணக்கில் தொடங்கி மாதக்கணக்கில் நீளும் கட்டங்கள் இருக்கின்றன. முழுவதும் முதிர்ந்த தழும்புகூடப் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இந்த நீண்ட வேலைக்குத்தான் ஜெல் கட்டு உதவுகிறது. 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றியின் தோலில் உண்டாக்கிய மேலோட்டமான காயங்களில் சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்தார். சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. புதுத்தோலின் செல்கள் ஈரமான பரப்பின்மீது நகர்ந்து செல்பவை. பொருக்குத் தட்டிய காயத்தில் அவை பொருக்குக்கு அடியில் ஈரம் உள்ள ஆழத்தைத் தேடிச் சுற்றிப்போக வேண்டியிருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். காயத்தைக் காயவிட்டால்தான் ஆறும் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுவதற்கு நேர் எதிரான முடிவு இது. இன்று உலகெங்கும் காயக்கட்டுகள் செய்யப்படுவது இந்த முடிவை அடிப்படையாக வைத்துத்தான்.

ஹைட்ரோஜெல் என்பது பாலிமர் இழைகளைக் குறுக்குப் பிணைப்புகளால் வலையாகக் கோத்து, அந்த வலைக்குள் நீரை நிறுத்திய பொருள். காயக்கட்டாகப் பயன்படும் ஜெல்லின் எடையில் 70 முதல் 90 சதவீதம் வரை நீரே இருக்கும். 1960-இல் பிராகு நகரத்தில் ஓட்டோ விக்டர்லே, டிராஹோஸ்லாவ் லிம் ஆகிய இருவரும் உடலுக்கு ஏற்ற ஜெல்லை முதன்முதலில் விவரித்தார்கள். கண்ணில் அணியும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அதிலிருந்து பிறந்தது. உலர்ந்த காயத்துக்கு ஈரம் கொடுப்பது, வலியைத் தணிப்பது, பிரித்தெடுக்கும்போது புதுத் திசுவைப் பிய்க்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் மூலிகை எதுவும் சேர்க்காத வெறும் ஜெல்லே செய்துவிடும்.

ஆகவே மூலிகை ஜெல் போட்டு ஒரு காயம் விரைவாக ஆறியது என்று யாராவது சொன்னால், அந்த வேகம் ஈரத்தால் வந்ததா, மூலிகையால் வந்ததா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மூலிகை சேர்க்காத அதே ஜெல்லோடு ஒப்பிட்டுக் காட்டாத எந்த உரிமைகோரலையும் நான் ஏற்பதில்லை. இந்தப் பக்கத்தில் இனி வரும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுதான்.

உங்கள் கைக்காயத்துக்கு வருவோம். தோட்டத்தில் பறிக்கும் இலையில் மண்ணும் தூசியும் இருக்கும். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் வாழ்வது மண்ணில்தான். மேலும், அந்தச் செடி சேர்ந்த சூரியகாந்திக் குடும்பத்துத் தாவரங்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆதலால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிக் கட்டுப் போடுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, விரலை மடக்க முடியாமல் போனாலோ, விரல் நுனி மரத்துப்போனாலோ தசைநாரும் நரம்பும் அறுபட்டிருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால், மண் பட்ட காயத்துக்கு மீண்டும் ஒன்று போட்டுக்கொள்வது அவசியம்.

அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்கிறேன். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் பொத்துப்போய்த் தோல் உரிகிறது. கற்றாழை ஜெல் கட்டுப் போட்டால் குணமாகுமா?
(வாசகி, புதுக்கடை)

தோட்டு எண்ணெயில் இருக்கும் அனகார்டிக் அமிலமும் கார்டால் என்ற பொருளும் தோலை அரிப்பதோடு நில்லாமல், காலப்போக்கில் ஒவ்வாமையையும் உண்டாக்குபவை. எண்ணெய்ப் பசை உடையது என்பதால் வெறும் தண்ணீரில் அது போகாது. சோப்புத் தேய்த்து ஓடும் நீரில் நன்றாகக் கழுவிய பிறகே எந்தக் கட்டையும் போட வேண்டும். தோட்டு எண்ணெய் மிச்சமிருக்கும் தோலை ஜெல்லால் மூடினால், அரிக்கும் பொருளைக் காயத்தோடு சேர்த்து மூடி வைத்ததாகத்தான் ஆகும்.

கழுவிய பின் எரிச்சலைத் தணிக்க ஜெல் கட்டு ஏற்றதுதான். ஆனால் உங்களைப் போலத் தொடர்ந்து ஒவ்வாமைப் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களின் தோல் புதிய பொருள்களுக்கும் எளிதில் சினந்துகொள்ளும் என்பதால், பல மூலிகைகளும் நறுமணமும் சேர்ந்த ஜெல்லைவிட எதுவும் சேர்க்காத ஜெல்லே நல்லது என்பது என் கருத்து. கற்றாழையைப் பொறுத்தவரை, அதன் சோற்றில் உள்ள அசிமானன் என்ற கூட்டுச்சர்க்கரைப் பொருளைப் பற்றி ஆய்வகத் தகவல்கள் நிறையவே உண்டு. ஆனால் மனிதக் காயங்களில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, உறுதியான முடிவுக்கு வரும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்று 2012-இல் பதிவு செய்தது. வறுக்கும் இடத்தில் சூடு பட்டுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது வேறு: குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். சுட்டு மூன்று மணி நேரம் வரை இதனால் பயன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது; பற்பசை பூசக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கையுறை. உங்கள் விரல்கள் ஆறுவதும் மறுபடி பொத்துப்போவதுமாக இருப்பதற்குக் காரணம் மருந்து போதாமை அன்று. தினமும் அதே எண்ணெயைத் தொட வேண்டியிருப்பதுதான். கிழியாத கையுறையைத் தருவது ஆலையின் கடமை. அதை நீங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டுப் பெற வேண்டும் என்று நான் மனமாரச் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு புண் வந்து ஒரு மாதமாக ஆறவில்லை. வலியே இல்லை என்பதால் அவர் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். சர்க்கரைப் புண்ணை வீட்டிலேயே ஆற்றிவிடும் என்று ஒரு மூலிகை ஜெல்லுக்கு விளம்பரம் பார்த்தேன். வாங்கிப் போடலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

வேண்டாம். முதலில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தக் கடிதத்துக்கு அஞ்சலிலேயே தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

வலி இல்லாதது நல்ல அறிகுறி அன்று. அதுதான் ஆபத்தின் அறிகுறி. நீண்ட காலச் சர்க்கரை நோயில் காலின் நரம்புகள் உணர்விழக்கின்றன. கல் குத்தினாலும் செருப்பு உரசினாலும் தெரியாமல் போகிறது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் உடலின் எடை அதே புண்ணின்மேல் விழுகிறது. அதனால்தான் உள்ளங்காலின் புண் ஆறாமல் நிற்கிறது. எவ்வளவு உயர்ந்த மூலிகையை எவ்வளவு நுட்பமான ஜெல்லில் ஏற்றி வைத்தாலும், அந்த அழுத்தத்தை எடுக்காதவரை புண் ஆறாது. புண்ணைச் சுற்றித் தடித்திருக்கும் தோலைச் சீவி எடுப்பதும், எடை வேறிடத்தில் விழும்படி மாவுக்கட்டோ தனியாகச் செய்த காலணியோ தருவதும் சிகிச்சையின் முதல் பகுதி. எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்துளை ரப்பரால் செய்த செருப்பு, புண் ஆறிய பின் அது மீண்டும் வராமல் இருக்க உதவும்.

இரண்டாவது, காலுக்கு இரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் குறிப்பாக அழுத்திச் சொல்கிறேன்: இரத்த ஓட்டம் அடைபட்டு, விரல் கறுத்து உலர்ந்து கிடக்கும் நிலையில் ஹைட்ரோஜெல் தீங்கு செய்யும். உலர்ந்த கறுப்புத் திசுவை ஈரமாக்கி இளக்கிக் கழற்றுவது ஜெல்லின் இயல்பு. இரத்தம் வரும் காலில் அது நன்மை. இரத்தம் வராத காலில், உலர்ந்து அடங்கியிருந்த இடம் ஈரமாகிக் கிருமித் தொற்றுக்கு வழி திறந்துவிடும். இந்த வேறுபாட்டை விளம்பரம் பார்த்து வாங்குபவரால் கண்டறிய முடியாது. பாதத்தின் நாடியையும் கணுக்காலின் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும் மருத்துவரால்தான் முடியும். மூன்றாவது, கிருமித் தொற்று எலும்புவரை போயிருக்கிறதா என்பது. நான்காவது, சர்க்கரை அளவு.

இத்தனையும் சரிசெய்யப்பட்ட பிறகே எந்தக் கட்டு என்ற கேள்வி எழுகிறது. மேலோட்டமான சர்க்கரைப் புண்களில் சாதாரணக் கட்டுகளைவிட ஹைட்ரோஜெல் கட்டுகள் நன்றாக ஆற்றுவதாகச் சில சோதனைகள் காட்டுகின்றன என்றும், அந்தச் சோதனைகள் நடத்தப்பட்ட விதத்தில் குறைகள் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் 2013-இல் காக்ரேன் தொகுப்பு தெரிவித்தது. வெறும் ஜெல்லுக்கே நிலை இதுவென்றால், அதில் மூலிகையை ஏற்றி, சர்க்கரைப் புண்ணை வீட்டிலேயே ஆற்றிவிடும் என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புண்ணில் துர்நாற்றம், சீழ், சுற்றிலும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே போய்விட வேண்டும். உங்கள் அப்பா மறுத்தால், வலிக்காத புண்ணால்தான் கால்கள் போகின்றன என்று இந்தப் பக்கத்தையே அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

மார்த்தாண்டம் தேனை நேரடியாகக் காயத்தில் தடவலாமா, அல்லது தேன் சேர்த்த ஜெல்தான் வேண்டுமா?
(வாசகர், மார்த்தாண்டம்)

தேனுக்கு மற்ற இயற்கைப் பொருள்களைவிட வலுவான சான்று இருக்கிறது. தோலின் முழு ஆழத்துக்கும் போகாத தீப்புண்களை அது வழக்கமான சிகிச்சையைவிட விரைவாக ஆற்றுவதாகத் தோன்றுகிறது என்று 2015-இல் காக்ரேன் தொகுப்பு எழுதியது. ஆனால் அந்தச் சோதனைகளை வைத்துச் சமையலறைத் தேனுக்குச் சான்றிதழ் தர முடியாது. தேனில் குளோஸ்டிரிடியம் போன்ற கிருமிகளின் வித்துகள் இருக்கலாம். மருத்துவத் தேனைக் காமா கதிரால் தூய்மைப்படுத்துவது அதற்காகத்தான். காய்ச்சித் தூய்மைப்படுத்தலாமே என்றால், ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிக் கிருமியைத் தடுக்கும் நொதி சூட்டில் அழிந்துவிடும். தேன் ஏற்றிய ஜெல் படலத்தில் தேன் வழிந்தோடாமல் ஓரிடத்தில் நிற்கும் என்பது கூடுதல் வசதி. உங்கள் ஊர்த் தேனைச் சாப்பிடுங்கள். காயத்துக்கு மருத்துவத் தேனையே வாங்குங்கள்.

எங்கள் பகுதி வர்ம ஆசான்மார் முறிவெண்ணெயும் மத்தன் தைலமும் வைத்துக் கட்டிப் பல தலைமுறைகளாகக் காயங்களை ஆற்றி வந்திருக்கிறார்கள். தலைமுறைகளின் அனுபவத்துக்கு மேல் ஆய்வகச் சான்று எதற்கு? இப்போது அதே மூலிகைகளை ஜெல்லில் கலந்து புதுமை என்று விற்பது நம் அறிவைத் திருடுவதாகாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை)

உங்கள் இரண்டாவது கேள்வியில் உள்ள கவலை நியாயமானது. வரலாறும் அதற்குத் துணை நிற்கிறது. மஞ்சளைக் காயம் ஆற்றப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்து வழக்காடி, பழைய வடமொழி நூல் ஒன்றையும் 1953-இல் வெளிவந்த இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரை ஒன்றையும் சான்றாக வைத்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. அந்த வழக்கை வென்றுகொடுத்தது எழுத்தில் பதிவாகியிருந்த சான்று என்பதைக் கவனியுங்கள். ஆசான்மாரின் கைமுறைகளில் எழுத்தில் வராதவற்றை அவர்களின் பெயரோடும் ஒப்புதலோடும் பதிவு செய்வது அவசரமான வேலை. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டத்தில் இதைச் செய்ய ஆளில்லை என்று சொல்ல முடியாது.

முதல் கேள்வியில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் ஆகியவற்றால் ஆனது; அந்தத் துத்தத்தின் தாமிரத்தால்தான் அது பச்சை நிறமாக இருக்கிறது. தாமிரம் கிருமிகளைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவு மிகுந்தால் அதே தாமிரம் புதுத் திசுவையும் சுடும். ஊமத்தையின் அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகிய நச்சுப் பொருள்கள் பரந்த திறந்த புண்ணின் வழியே இரத்தத்துக்குள் போகக்கூடும். தேர்ந்த ஆசான் எந்தப் புண்ணுக்கு, எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்து செய்தார். அந்தத் தைலம் கடையில் புட்டியாக விற்கப்படும்போது தைலம் மட்டுமே வருகிறது, ஆசானின் கண்ணும் கையும் உடன் வருவதில்லை. அவர் கைப்பழக்கத்தில் இருந்த அளவை எண்ணாக எழுதி வைப்பதற்குத்தான் சோதனை தேவைப்படுகிறது. அனுபவத்தை இழிவுபடுத்துவதற்காக அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெயில் நனைத்த துணியும் காயத்தின் ஈரம் வெளியேறாமல் ஒரு தடுப்பை உண்டாக்குகிறது. ஆகவே விண்டர் 1962-இல் காட்டியதன் பயனில் ஒரு பகுதியை ஆசான்மார் எண்ணெய்க் கட்டின் வழியே முன்பே பெற்றிருந்தார்கள் என்று நான் கருதுகிறேன். ஆனால் எண்ணெயில் இறங்கும் சத்துகள் வேறு, நீரில் இறங்கும் சத்துகள் வேறு. முறிவெண்ணெயின் மூலிகைகளை நீரில் கொதிக்கவைத்து ஜெல்லில் கலந்தால் கிடைப்பது முறிவெண்ணெய் அன்று. புதிய ஒரு பொருள். பழைய எண்ணெயின் பெயரையும் புகழையும் அதற்கு ஒட்டி விற்பதை ஏற்க முடியாது.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் குத்துவது வழக்கம். ஒட்டும் ஜெல் படலத்தைப் போட்டுக்கொண்டு மறுநாளே கடலுக்குப் போகலாமா?
(வாசகர், குளச்சல்)

குத்துக்காயத்தை ஒட்டி மூடக் கூடாது. வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழத்தில் முள்ளின் துணுக்கும் கிருமியும் தங்கியிருக்கும். மேலே மூடினால் சீழ் உள்ளேயே கட்டும். திருக்கை முள்ளோ கெளிற்று முள்ளோ குத்தினால், காயத்தைக் கழுவிவிட்டு, 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை கையையோ காலையோ அமிழ்த்தி வைத்தால் வலி வெகுவாகக் குறையும். சூட்டைக் குத்துப்படாத ஒருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்; வலியில் துடிப்பவருக்குச் சூடு தெரியாது. முள் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீருக்காகக் காத்திருக்காமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி வாழ்கிறது. கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அது சில மணி நேரத்துக்குள் காலை வீங்கவைத்துக் கொப்புளம் எழுப்பி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மூலிகை ஜெல்லால் அதைத் தடுக்க முடியாது. மேலும், நீர் நிறைந்த ஜெல் படலம் உப்புநீரிலும் வியர்வையிலும் ஊறி நழுவிவிடும். சிராய்ப்பு மட்டும் என்றால், கரையில் இருக்கும் நாட்களில் ஜெல் போட்டு ஆறவிட்டு, தோல் மூடிய பிறகு கடலுக்குப் போவதே சரி. ஒரு நாள் கூலி எவ்வளவு பெரியது என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

மருந்தியல் இறுதியாண்டு படிக்கிறேன். வல்லாரையையும் மஞ்சளையும் ஏற்றிய ஹைட்ரோஜெல் படலம் செய்வது என் ஆய்வுத் திட்டம். எந்த இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்?
(மாணவி, அருமநல்லூர்)

உங்கள் தேர்வு நல்லது. இரண்டு மூலிகைகளும் இரண்டு வெவ்வேறு சிக்கல்களைக் கற்றுத்தரும் என்பதால் அவற்றை முதலில் தனித்தனியே ஏற்றிப் பாருங்கள். வல்லாரையின் ஆசியாட்டிகோசைடு, மடெகாசோசைடு முதலிய பொருள்கள் தோலுக்கு வலுத்தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுபவை. ஆனால் வாய்க்கால் வரப்பில் மழைக்காலத்தில் பறித்த வல்லாரையும் கோடையில் பறித்ததும் ஒரே அளவு ஆசியாட்டிகோசைடைக் கொண்டிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்சில் பல பத்தாண்டுகளாக விற்கப்படும் மடெகாசால் என்ற களிம்பில் சேர்க்கப்படும் வல்லாரைச் சாறு, 40 சதவீதம் ஆசியாட்டிகோசைடும், ஆசியாட்டிக் அமிலமும் மடெகாசிக் அமிலமும் தலா 30 சதவீதம் அளவிலும் இருக்கும்படி அளந்து தரப்படுத்தப்பட்டது. நீங்களும் ஒவ்வொரு முறை சாறு எடுக்கும்போதும் சாற்றின் பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில், ஆசியாட்டிகோசைடு போன்ற குறியீட்டுப் பொருளை அளந்து எழுதிவையுங்கள். அளக்காத சாற்றை ஏற்றிய ஜெல்லைக் கொண்டு செய்த சோதனையை எவராலும், உங்களாலேயேகூட, மறுபடி செய்து காட்ட முடியாது.

மஞ்சளின் குர்குமின் நீரில் கரைவதில்லை. ஒளியிலும் காரத்தன்மையிலும் சிதைகிறது. ஆறாத நாட்பட்ட புண்களின் பரப்பு பெரும்பாலும் காரத்தன்மை உடையது என்பதால் இந்தச் சிதைவைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. நீர் நிறைந்த ஜெல்லில் குர்குமினை நேரடியாகக் கலந்தால், படலம் மஞ்சளாகத் தெரியும், ஆனால் மருந்து துகள்களாக உறைந்து நின்றுவிடும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறுக்குள் அடைத்தோ, நானோ துகள்களாக்கியோ, லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழில் வைத்தோ ஏற்றுவது இதற்காகத்தான். கிருமித் தடுப்பைச் சோதிக்க கிருமி வளர்க்கும் அகார் தட்டில் மருந்தைச் சுற்றி விழும் கிருமியற்ற வளையத்தைப் பார்க்கும் முறையைப் பலரும் கையாள்கிறார்கள். குர்குமின் போன்ற கரையாத பொருள் அகாரில் பரவாது என்பதால், வளையம் சிறிதாக வந்ததைக் கொண்டு அது வலுவற்றது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஜெல்லுக்கு நீங்கள் சோடியம் ஆல்ஜினேட்டை எடுத்தால், அது பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. சர்காசம் இனப் பாசிகள் குமரிக் கடற்கரைப் பாறைகளிலும் வளர்கின்றன. கால்சியம் அயனி ஆல்ஜினேட் இழைகளுக்கு இடையே, முட்டை வைக்கும் அட்டையின் குழிகளில் முட்டை அமர்வதுபோல் அமர்ந்து அவற்றைப் பிணைக்கிறது. ஆனால் காயத்திலிருந்து கசியும் நீரில் சோடியம் மிகுதியாக இருப்பதால், அது கால்சியத்தை மெல்ல இடம்பெயர்த்து ஜெல்லைக் குலைக்கும். ஆகவே வெறும் நீரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டு என் படலம் நிலைத்து நிற்கிறது என்று எழுதாதீர்கள். உடல்நீரை ஒத்த கரைசலில் சோதியுங்கள். கைட்டோசானை எடுத்தால் அது இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருவது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தத் துறையில் நீண்டகாலமாக உழைத்திருக்கிறது. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையை அந்தப் படலத்துக்கு எழுத வேண்டியிருக்கும்.

பெரும்பாலான மாணவர்கள் கடைசியில்தான் நினைக்கும் ஒன்றை நீங்கள் தொடக்கத்திலேயே நினையுங்கள்: கிருமிநீக்கம். பாபா அணு ஆராய்ச்சி மையம் தீப்புண்களுக்கு உருவாக்கிய ஹைட்ரோஜெல்லில் காமா கதிர்வீச்சு ஒரே நேரத்தில் இழைகளைப் பிணைக்கவும் கிருமிகளை நீக்கவும் செய்கிறது. மிக அழகான முறை அது. ஆனால் அதே கரைசலில் மூலிகையின் பாலிபீனால்களைச் சேர்த்தால், பிணைப்பை உண்டாக்க வேண்டிய தனியுறுப்புகளை (கதிர்வீச்சால் உண்டாகும், எளிதில் வினைபுரியும் துணுக்குகளை) அவை விழுங்கிவிடுவதால் ஜெல் இறுகாமல் போகலாம். 121 டிகிரி நீராவியில் வைத்தால் சில மூலிகைப் பொருள்கள் சிதையும். ஆல்ஜினேட்டின் இழைகளும் அறுபட்டுப் பிசுபிசுப்புக் குறையும். எந்த முறையைத் தேர்ந்தாலும், கிருமிநீக்கத்துக்குப் பிறகு மருந்தின் அளவை மறுபடி அளந்து காட்டுங்கள்.

விலங்குச் சோதனைக்குப் போவதாக இருந்தால் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று இருப்பதால், எலியின் காயம் பெரும்பாலும் சுருங்கி மூடுகிறது. மனிதத் தோலோ புதுத் திசு வளர்ந்து, மேல்தோல் படர்ந்து மூடுகிறது. காயத்தைச் சுற்றி வளையம் தைத்துச் சுருங்காமல் தடுக்கும் முறையை நீங்கள் கையாண்டால் முடிவு மனிதருக்குச் சற்று நெருங்கி வரும். ஒப்பீட்டுக் குழுக்களில் சிகிச்சையே இல்லாத குழு மட்டும் போதாது. மூலிகை ஏற்றாத வெறும் ஜெல் குழு கட்டாயம் இருக்க வேண்டும். வேகம் ஈரத்தால் வந்ததா, மூலிகையால் வந்ததா என்று குலசேகரம் வாசகருக்கு நான் எழுதிய கேள்விக்கு விடை சொல்லப்போவது அந்த ஒரு குழுதான். வெறும் ஜெல்லும் மூலிகை ஜெல்லும் ஒரே நாளில் ஆற்றின என்று முடிவு வந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். அடுத்து வரும் மாணவருக்கு அதனால் பெரும் பயன் உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து ஒரு பகலில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது; உடலோடு ஒத்துப்போகும் பொருள்களைப் பற்றிய ஆய்வில் நாட்டின் முன்னணி நிறுவனங்களில் அது ஒன்று. உங்கள் பேராசிரியர் வழியாக அங்குள்ள ஆய்வாளர்களுக்கு எழுதிப் பாருங்கள்.

ஜெல் கட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? பாதி வெட்டிப் பயன்படுத்திவிட்டு மீதியைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா?
(வாசகி, இரணியல்)

பொதுவாக 1 முதல் 3 நாட்களுக்கு ஒருமுறை. கசிவு அதிகமாக இருந்தாலோ, சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தாலோ அதற்கு முன்பே. நிறைய நீர் கசியும் புண்ணுக்கு ஜெல் பொருந்தாது, உறிஞ்சும் வகைக் கட்டு வேண்டும். பெரும்பாலான ஜெல் படலங்களின்மேல் அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு கட்டும் போட வேண்டியிருக்கும். உறையைத் திறந்துவிட்டால் கிருமியற்ற நிலை போய்விடுகிறது. ஆகவே மீதியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து திறந்த காயத்தில் போடக் கூடாது. வாங்கும்போது உறைமேல் உரிம எண், உள்ளிருக்கும் மூலிகைகளின் பெயர், காலாவதி நாள், கிருமிநீக்கம் செய்யப்பட்டதா என்ற குறிப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.